புகார் கொடுத்தவரே பதில் சொல்ல வேண்டிய இடம்

2021 செப்டம்பரில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் கவுன்டி கிரிக்கெட் கிளப் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் முன்னாள் வீரர் அஸீம் ரஃபீக் இனத்தின் பெயரால் தொல்லைக்கும் கொடுமைக்கும் ஆளானது உண்மைதான் என்று அதில் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. அக்டோபர் 28 அன்று இன்னோர் அறிக்கை வந்தது. வீரர்கள், பயிற்சியாளர்கள், நிர்வாகிகள் எவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்று தீர்மானித்திருப்பதாக அது சொன்னது. ஆக, கொடுமைக்கு ஆளானவர் ஒருவர் இருக்கிறார். கொடுமை செய்தவர் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை.

இந்த இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். இனவெறியும் மதப் பாகுபாடும் பழம்பெருமை வாய்ந்த ஒரு நிறுவனத்துக்குள் எப்படி வேர்பிடித்து நிற்கின்றன என்பது அப்போது விளங்கும். வாய்க்கு வந்ததைப் பேசும் நாலு பேரால் மட்டும் அது நிற்பதில்லை. புகார் வந்ததும் அதை யார் கையில் எடுக்கிறார்கள், யாரைக் குடைந்து கேட்கிறார்கள், கடைசியில் யார் வேலையை இழந்து வெளியேறுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது நிற்கிறது. பிரிட்டனில் விளையாட்டு, காவல், நீதி ஆகிய மூன்று துறைகளிலும் கடந்த முப்பதாண்டுகளில் நடந்ததைப் பார்க்கையில், கூண்டில் ஏற்றப்படுபவர் பெரும்பாலும் புகார் கொடுத்தவராகவே இருக்கிறார். எனவே ஒரு நிறுவனம் இனவெறியை எதிர்கொள்கிறதா என்பதற்கு அதன் மன்னிப்புக் கடிதம் சான்றாகாது. புகார் கொடுத்தவர் ஐந்தாண்டு கழித்து எங்கே, எந்த நிலையில் இருக்கிறார் என்பதே சான்று.

யார்க்ஷயரின் டிரெஸ்ஸிங் ரூம்

ரஃபீக் கராச்சியில் பிறந்தவர். பத்து வயதில் குடும்பத்தோடு வடக்கு இங்கிலாந்தின் பார்ன்ஸ்லிக்கு வந்தார். ஆஃப் ஸ்பின் வீசுபவர். 2012-ல், 21 வயதில், யார்க்ஷயர் அணிக்கு டி20 போட்டிகளில் தலைமை தாங்கினார். அந்த அணிக்கு அப்படித் தலைமை தாங்கிய முதல் ஆசிய வம்சாவளி வீரர் அவர்.

அந்தக் கிளப்பின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். 1992 வரை யார்க்ஷயர் எல்லைக்குள் பிறந்தவர்கள் மட்டுமே அந்த அணியில் ஆடலாம் என்ற வழக்கம் இருந்தது. அதைத் தளர்த்தியபோது வெளிநாட்டு வீரராக வந்து முதலில் ஆடியவர் 19 வயது சச்சின் டெண்டுல்கர். மும்பையிலிருந்து ஒருவர் வந்து ஆட முடிந்தது. ஆனால் யார்க்ஷயரிலேயே பிறந்து, அந்த மண்ணிலேயே பந்து வீசக் கற்ற பாகிஸ்தானிய, இந்திய வம்சாவளிப் பையன்களில் ஒருவர் முதல் அணியில் கால்வைக்க 2004 வரை ஆயிற்று. அவர் அஜ்மல் ஷாஜாத். இங்கிலாந்தில் பொழுதுபோக்காகக் கிரிக்கெட் ஆடுபவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் தெற்காசிய வம்சாவளியினர். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அவர்கள் பங்கு ஒற்றை இலக்கம்தான். திறமைக் குறைவு என்று இதற்கு விளக்கம் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது என்று நம்புகிறேன்.

2020-ல் ரஃபீக் வாய் திறந்தார். யார்க்ஷயரில் ஆடிய நாட்களில் தற்கொலையின் விளிம்பு வரை போய்வந்ததாகச் சொன்னார். கிளப் ஒரு பெரிய சட்ட நிறுவனத்திடம் விசாரணையை ஒப்படைத்தது. கிளப்பின் அப்போதைய தலைவர் முன்பு வேலை பார்த்த நிறுவனம் அது. ரஃபீக் வைத்த 43 குற்றச்சாட்டுகளில் ஏழு மட்டுமே நிரூபணமானதாக முடிவு வந்தது. பாகிஸ்தானியரை இழிவாகக் குறிக்கும் சொல்லைச் சக வீரர் ஒருவர் அவரிடம் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதை விசாரணைக் குழு நண்பர்களுக்கு இடையிலான கேலி என்று எடுத்துக்கொண்டது 2021 நவம்பர் தொடக்கத்தில் செய்தியாக வெளியானது. பிரிட்டனில் அந்தச் சொல் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு வீசப்படுவதில்லை. லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் வாழும் நம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் மேலும் அதுதான் வந்து விழுகிறது.

நவம்பர் 16 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் ரஃபீக் சாட்சியம் அளித்தார். 15 வயதில், உள்ளூர்க் கிளப்பில் ஆடும்போது, ஒரு மூத்த வீரர் தன்னை அழுத்திப் பிடித்து வாயில் ரெட் ஒயினை ஊற்றியதைச் சொன்னார். இஸ்லாமியச் சிறுவன் ஒருவனுக்கு அது என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. அதன்பின் பல ஆண்டுகள் அவர் மதுவைத் தொடவில்லை. 2012 வாக்கில் குடிக்கத் தொடங்கியது, அணியோடு ஒட்டி வாழ வேண்டும் என்பதற்காக. வெள்ளையர் அல்லாத எவரையும் ‘கெவின்’ என்று அழைக்கும் வழக்கம் இருந்ததையும், சேதேஸ்வர் புஜாராவின் பெயரை உச்சரிக்கச் சிரமப்படாமல் ‘ஸ்டீவ்’ என்று கூப்பிட்டதையும் சொன்னார். தன் முதல் குழந்தை இறந்து பிறந்தபோது கிளப்பில் சிலர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்கையில் அவரால் தொடர்ந்து பேச முடியவில்லை.

சொந்தப் பெயரை விட்டுக்கொடுத்து, தன் மார்க்கம் விலக்கியதை வாயில் விட்டுக்கொண்டு, அதற்குப் பிறகும் அந்நியராகவே நடத்தப்படுவது என்பது ஒரு வீரரின் ஆட்டத்தை மட்டும் கெடுப்பதில்லை. மதப் பாகுபாடு என்றதும் பள்ளிவாசல் மீது கல்லெறிவதை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். ஓர் அணியில் மது அருந்துவதே நட்புக்கு நுழைவுச் சீட்டாக இருக்கும்போது, அருந்தாதவர் தேர்வுக் குழுவின் கண்ணில் ‘ஒத்துப்போகாதவர்’ ஆகிவிடுகிறார். இதை எந்த விதிப் புத்தகத்திலும் எழுதிவைக்க வேண்டியதில்லை. டிரெஸ்ஸிங் ரூமின் பழக்கமே போதும்.

கிளப் அசைந்தது எப்போது? நைக், யார்க்ஷயர் டீ, எமரால்டு போன்ற விளம்பரதாரர்கள் விலகிக்கொண்டபோது. கிளப்பின் ஹெடிங்லி மைதானத்தில் சர்வதேசப் போட்டிகள் நடத்தும் உரிமையை இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நிறுத்திவைத்தபோது. ஓராண்டுக்கு மேலாக ஒரு மனிதர் கதறியது சாதிக்காததைப் பணம் சில நாட்களில் சாதித்தது. தலைவர் பதவி விலகினார். கம்லேஷ் படேல் பொறுப்பேற்றார். டிசம்பரில் பயிற்சியாளர் குழுவில் தொடங்கி 16 பேர் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டார்கள்.

இந்த அவசரத்தையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். அப்படி நீக்கப்பட்டவர்களில் சிலர் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போய், தங்களை முறையின்றி நீக்கியது நியாயமற்றது என்று தீர்ப்புப் பெற்றார்கள். 2023-ல் வாரியத்தின் ஒழுங்கு ஆணையம் முன்னாள் வீரர்கள் மீதான குற்றச்சாட்டுகளை விசாரித்தபோது, பலர் நடைமுறையின் மேல் நம்பிக்கை இல்லையென்று விலகிக்கொண்டார்கள். குற்றம் சாட்டுவதும் வாரியம், விசாரணைக்கு ஏற்பாடு செய்வதும் வாரியம் என்ற அவர்களது ஆட்சேபம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. முன்னாள் இங்கிலாந்து கேப்டன் மைக்கேல் வான் கடைசிவரை நின்று வாதாடினார். 2009-ல் ஆசிய வீரர்களைப் பார்த்து அவர் சொன்னதாகக் கூறப்பட்ட வாக்கியம் நிரூபிக்கப்படவில்லை என்று ஆணையம் தீர்ப்பளித்தது. ஐந்து பேர் மீது குற்றச்சாட்டுகளில் ஒரு பகுதியாவது உறுதியாயிற்று. இன்னொரு வீரர் தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டார். யார்க்ஷயருக்கு 4 லட்சம் பவுண்ட் அபராதம். அதிலும் 3 லட்சம் நிறுத்திவைப்பு.

நடுநிலையான ஒருவர் கையில் முதல் நாளிலேயே புகார் போயிருந்தால் வானுக்கும் விரைவில் விடை கிடைத்திருக்கும், ரஃபீக்குக்கும் கிடைத்திருக்கும். சுயேச்சையான விசாரணை புகார் கொடுத்தவருக்குச் செய்யும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அதுவே பாதுகாப்பு.

இனி ரஃபீக்குக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். சாட்சியம் அளித்த இரண்டே நாளில், 2011-ல் அவர் யூதர்களை இழிவுபடுத்தி எழுதிய பழைய ஃபேஸ்புக் செய்திகள் வெளியாயின. அவை அருவருப்பானவை, அவர் மறுக்கவில்லை, உடனே மன்னிப்புக் கேட்டார், யூதப் படுகொலையிலிருந்து தப்பியவரை நேரில் போய்ச் சந்தித்தார். அவர் எழுதியது தவறு என்பதால் அவருக்கு நடந்தது சரியாகிவிடாது. ஆனால் அதன்பின் பொதுவெளியில் விசாரிக்கப்பட்டது அவருடைய குணம்தான். பெற்றோர் வீட்டுத் தோட்டத்தில் ஒருவர் வந்து மலம் கழித்துவிட்டுப் போகும் அளவுக்குத் தொல்லை முற்றியது. 2022 டிசம்பரில் அதே நாடாளுமன்றக் குழுவின் முன் மறுபடி வந்தபோது, நாட்டைவிட்டே துரத்தப்பட்டுவிட்டதாகச் சொன்னார். குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தது.

2023 ஜூனில், சிண்டி பட்ஸ் தலைமையிலான சுயேச்சை ஆணையம் இங்கிலாந்துக் கிரிக்கெட் முழுவதையும் ஆராய்ந்து 317 பக்க அறிக்கை தந்தது. 4,000-க்கும் மேற்பட்டோர் அதற்குப் பதில் அளித்திருந்தார்கள். பாகிஸ்தானிய, வங்கதேச வம்சாவளியினரில் 87 சதவீதம், இந்திய வம்சாவளியினரில் 82 சதவீதம், கறுப்பினத்தவரில் 75 சதவீதம் பேர் பாகுபாட்டை அனுபவித்ததாகச் சொன்னார்கள். தனி மனிதர் ஒருவரின் மனக்குறை என்று ரஃபீக்கை ஒதுக்கியவர்களுக்கு இந்த எண்கள் போதும். அந்த அறிக்கைக்குப் பிறகு கிரிக்கெட் வாரியம் ஒழுங்கு விசாரணைகளுக்கென்று தன் பிற வேலைகளிலிருந்து பிரித்துவைத்த ஒழுங்காற்று அமைப்பை உண்டாக்கியது. வந்த மாற்றங்களில் இதைத்தான் நான் மதிக்கிறேன், பிரச்சாரப் பட்டைகளையும் விழிப்புணர்வு வாரங்களையும் அல்ல.

நம் பக்கத்திலும் இதே கதைதான். ஐதராபாத் அணிக்காக ஐபிஎல் ஆடிய வெஸ்ட் இண்டீஸ் வீரர் டேரன் சமி, தன்னை ‘காலூ’ என்று கூப்பிட்டதன் பொருள் தாமதமாகத்தான் தெரிந்தது என்று 2020-ல் வேதனைப்பட்டார். அன்பாகச் சொன்னது என்று விளக்கம் வந்தது. விவகாரம் அத்தோடு முடிந்துபோனது. தோல் நிறத்துக்காகத் தன்னை இழித்துப் பேசியதைச் சென்னையின் அபினவ் முகுந்த் 2017-ல் எழுதினார். ரஃபீக்கின் சாட்சியத்துக்குச் சில நாள் பின்பு, எல். சிவராமகிருஷ்ணன் வாழ்நாள் முழுக்க நிறப் பாகுபாட்டைச் சந்தித்திருப்பதாகவும், அது நடந்தது சொந்த நாட்டிலேதான் என்றும் சொன்னார். மூவருக்கும் அனுதாபம் கிடைத்தது. புகாரை எழுதி வாங்கிக்கொள்ள ஒரு மேசை கிடைத்ததாகத் தெரியவில்லை.

எல்தம் பேருந்து நிறுத்தம்

விளையாட்டில் ஒருவர் இழப்பது தொழிலை. காவல்துறையில் இதே பழக்கம் இருந்தால் உயிரே போகிறது, போன உயிருக்கான நியாயமும் போகிறது.

1993 ஏப்ரல் 22 இரவு. தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில் பேருந்துக்காகக் காத்திருந்த 18 வயது ஸ்டீபன் லாரன்ஸை வெள்ளை இளைஞர்களின் கும்பல் குத்திக் கொன்றது. கட்டடக் கலைஞராக விரும்பிய பையன். உடனிருந்த நண்பர் டுவேன் புரூக்ஸ் தப்பினார். சம்பவ இடத்துக்கு வந்த போலீஸாரின் கண்ணுக்கு அவர் நண்பனைப் பறிகொடுத்த சாட்சியாகத் தெரியவில்லை. சந்தேகத்துக்குரிய கறுப்பு இளைஞனாகத்தான் தெரிந்தார். சில நாட்களுக்குள்ளேயே கொலையாளிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் பெயர்கள் போலீஸுக்கு வந்து சேர்ந்தன. ஆனாலும் கைதுகள் மே 7-ல்தான் தொடங்கின. ஸ்டீபனின் தாய் டோரீன் பெயர்கள் எழுதிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஒரு மூத்த அதிகாரி அதைக் கையிலேயே சிறிதாக மடித்துவிட்டார் என்று பின்னர் அவர் சாட்சியம் சொன்னார்.

பெற்றோர் தாங்களே தொடுத்த தனியார் வழக்கு 1996-ல் தோற்றது. 1997-ல் ஆட்சி மாறிய பிறகே வில்லியம் மெக்பர்சன் என்ற ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் பொது விசாரணை அமைந்தது. 1999 பிப்ரவரியில் வந்த அவரது அறிக்கை லண்டன் பெருநகரக் காவல்துறையை நிறுவனமயமான இனவெறி கொண்டது என்று சொன்னது. 70 பரிந்துரைகள். ஒரு நிகழ்வை இனவெறி நிகழ்வாகப் பதிவுசெய்ய, பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ அப்படிக் கருதினாலே போதும் என்ற விதி அவற்றில் முக்கியமானது. புகார் கொடுத்தவரை நம்பித் தொடங்கு, பின்பு ஆதாரத்தைத் தேடு என்பதுதான் அதன் சாரம். ஒரே குற்றத்துக்கு மறுபடி விசாரணை கூடாது என்ற பழைய சட்டத்தைத் தளர்த்தியதும் அந்த அறிக்கையின் இன்னொரு பரிந்துரையால்தான். 2012 ஜனவரியில் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரை மறுபடி விசாரிக்க முடிந்தது அந்தத் தளர்வால்தான். கொலை நடந்து 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

விசாரணைக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் உகாண்டாவில் பிறந்த பாதிரியார் ஜான் சென்டாமு, பிற்காலத்தில் யார்க் பேராயர் ஆனவர். அறிக்கை வெளியாகி ஓராண்டுக்குள், 2000-ல், லண்டனில் அவருடைய காரை நிறுத்திப் போலீஸ் சோதனை போட்டது.

இதைவிடக் கொடியது 2013-ல் தெரியவந்தது. இரகசியப் போலீஸில் பணியாற்றிய ஒருவர், லாரன்ஸ் குடும்பத்தின் மீது சேறு பூசக்கூடிய தகவலைத் தேடும்படி தனக்குச் சொல்லப்பட்டதாக வெளிப்படுத்தினார். மறு ஆண்டு வந்த வழக்கறிஞர் மார்க் எலிசனின் ஆய்வறிக்கை, மெக்பர்சன் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே குடும்பத்தின் ஆதரவாளர்கள் நடுவில் போலீஸ் உளவாளி இருந்ததை உறுதிசெய்தது. மகனைப் பறிகொடுத்து நியாயம் கேட்டு நின்ற தாய் தந்தையரை, கொலையாளிகளைப் பின்தொடர வேண்டிய துறை பின்தொடர்ந்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் அடங்கவில்லை; அடங்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. இரகசியக் காவல் பணிகளை ஆராய 2015-ல் அமைத்த விசாரணை, பத்தாண்டு கடந்தும் நீண்டுகொண்டிருக்கிறது.

மெக்பர்சனுக்கு 24 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், லூயிஸ் கேசி அதே காவல்துறையை ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். ஒரு முஸ்லிம் காவலரின் பூட்ஸுக்குள் பன்றி இறைச்சி வைக்கப்பட்டிருந்தது. ஒரு சீக்கியக் காவலரின் தாடியை வேடிக்கைக்காகக் கத்தரித்தார்கள். இன்னொருவரின் தலைப்பாகையைச் செருப்புப் பெட்டிக்குள் போட்டார்கள். யார்க்ஷயரின் டிரெஸ்ஸிங் ரூமும் லண்டன் காவல் நிலையத்தின் லாக்கர் அறையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. விளையாட்டுக்குச் செய்தோம் என்பது இரண்டு இடத்திலும் பதில். அங்கே காக்கப்படாதவர்கள் வெறும் சக ஊழியர்கள் அல்ல, சீருடை அணிந்த காவலர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். துறைக்குள்ளேயே நியாயம் பெற முடியாத ஒரு சீக்கியர், தெருவில் இன்னொரு சீக்கியருக்கு நியாயம் பெற்றுத் தருவார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

கேசி சேர்த்த எண்களில் ஒன்று என் வாதத்தின் மையம். வெள்ளையரோடு ஒப்பிட, கறுப்பினப் பணியாளர்கள் மீது ஒழுங்கீனக் குற்றச்சாட்டு வர 81 சதவீதம் அதிக வாய்ப்பு. ஆசியர்களுக்கு 55 சதவீதம் அதிகம். புகார் செய்தால் அது உன்மேலேயே திரும்பும் என்று அவர்கள் அஞ்சுவது கற்பனை அல்ல. காவல் ஆணையர் மார்க் ரவுலி கேசியின் கண்டுபிடிப்புகளை ஏற்றுக்கொண்டார். நிறுவனமயமான என்ற சொல்லை மட்டும் ஏற்க மறுத்தார். அதில் அரசியல் வாடை அடிப்பதாகச் சொன்னார். சொல்லுக்கு அஞ்சுபவர் அதன் பின்னால் வரும் பொறுப்புக்கு அஞ்சுகிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

விளையாட்டும் காவலும் ஒரே தெருவில் சந்தித்த நிகழ்வும் உண்டு. 2020 ஜூலை 4 அன்று, பிரிட்டனின் ஓட்ட வீராங்கனை பியாங்கா வில்லியம்ஸும் அவருடைய துணைவர், போர்ச்சுகல் வீரர் ரிக்கார்டோ டோஸ் சாண்டோஸும் பயிற்சி முடித்து லண்டனின் மைடா வேல் பகுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரின் பின்னிருக்கையில் மூன்று மாதக் கைக்குழந்தை. போலீஸ் மடக்கியது, இருவரையும் வெளியே இழுத்துக் கைவிலங்கு மாட்டியது, சோதனை போட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களுடைய பயிற்சியாளர், 1992 ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற லின்ஃபோர்டு கிறிஸ்டி, காணொளியை வெளியிட்டதால் நாடு பார்த்தது. மூன்றாண்டு கழித்து, கஞ்சா வாடை வந்ததாகப் பொய் சொன்னார்கள் என்று இரண்டு காவலர்கள் நீக்கப்பட்டார்கள். அதற்கு ஓராண்டு கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த முடிவைத் தள்ளுபடி செய்து அவர்களை வேலையில் மீண்டும் சேர்த்தது. தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலகறிந்த ஒரு வீராங்கனைக்கு நான்கு ஆண்டுப் போராட்டத்தின் முடிவு இதுவென்றால், கேமராவும் ஒலிம்பிக் பதக்கக்காரரும் துணைக்கில்லாத ஒரு கறுப்பு இளைஞன் புகார் எழுத எதற்காகப் பேனாவை எடுப்பான்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெள்ளையரைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாக நிறுத்திச் சோதிக்கப்படுபவர்கள் கறுப்பினத்தவர்.

நம்பாததற்குத் தண்டனை

நீதித்துறையில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. 2017-ல் டேவிட் லாமி என்ற கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் அரசின் கேட்பின் பேரில் ஓர் ஆய்வு அளித்தார். மக்கள்தொகையில் 14 சதவீதமாக இருந்த சிறுபான்மை இனத்தவர், சிறையில் 25 சதவீதம். சிறார் காவலில் 40 சதவீதத்துக்கும் மேல். முஸ்லிம்கள் மக்கள்தொகையில் சுமார் 5 சதவீதம், சிறைக் கைதிகளில் 15 சதவீதம். பயங்கரவாத வழக்குகள்தான் காரணம் என்று பலர் அவசரப்பட்டுச் சொல்வார்கள். அப்படிச் சிறைப்பட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகச் சிறு துளி.

லாமி கண்டவற்றில் என்னை உலுக்கியது வேறு. சிறுபான்மையினர் பலர் அரசு தரும் வழக்கறிஞரையும் போலீஸின் அருகில் நிற்பவராகவே பார்க்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வது நல்லது என்று அவர் சொன்னாலும் நம்புவதில்லை. தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குவரை குறையும். நம்பாதவர்களுக்கு அந்தக் குறைப்பு கிடைப்பதில்லை. ஆக, நம்பிக்கையை உடைத்தது அரசு. உடைந்ததற்காகக் கூடுதல் மாதங்கள் சிறையில் கழிப்பது அந்த இளைஞன். தெருவில் காரணமின்றி நிறுத்தப்பட்ட அன்று தொடங்கிய கணக்கு, நீதிமன்றத்தில் வட்டியோடு வசூலாகிறது.

அந்த ஆய்வில் வெளிச்சமான ஒரு பகுதியும் உண்டு. ஜூரிகளின் தீர்ப்பில் இனப் பாகுபாடு தெரியவில்லை. பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் ஓர் அறையில் அமர்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேள்வி கேட்டு, காரணம் சொல்லி முடிவெடுக்கும் இடத்தில் முன்முடிவு கரைந்துபோகிறது. தெருவில் நிற்கும் காவலர் தனியாக, சில நொடிகளில், யாருக்கும் விளக்கம் சொல்லாமல் முடிவெடுக்கிறார். யார்க்ஷயரின் குழு மூடிய அறைக்குள் முடிவெடுத்தது. இனம் வாரியாக வேறுபாடு தெரிந்தால் ஒவ்வொரு துறையும் அதற்கு விளக்கம் தர வேண்டும், தர முடியாவிட்டால் திருத்திக்கொள்ள வேண்டும் என்று லாமி பரிந்துரைத்தது இதனால்தான். அதைவிட நடைமுறைக்கு ஏற்ற ஆயுதத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

அதே நீதிமன்றங்களால் வேகமாகவும் இயங்க முடியும். 2024 ஜூலை இறுதியில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று பொய் பரவி, மறுநாளே அந்த ஊர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஆகஸ்ட் 4-ல் ராதரம் அருகே அகதிகள் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்கப்பட்டது. கலகக்காரர்களில் பலருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில நாட்களிலேயே தண்டனை கிடைத்தது. அது சரியான வேகம். ஸ்டீபன் லாரன்ஸின் பெற்றோருக்கு மறுக்கப்பட்ட வேகமும் அதுதான். ஆனால் வெள்ளையருக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதி என்ற கூச்சல் அந்த நாட்களில் கிளம்பி, நாடாளுமன்றத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. 2025 வசந்தத்தில், சிறுபான்மை இனத்தவரோ மதத்தவரோ குற்றவாளியாக நிற்கும்போது தண்டனைக்கு முன் அவரைப் பற்றிய அறிக்கையை வழக்கமாகக் கேட்டுப் பெற வேண்டும் என்று தண்டனை வழிகாட்டுக் குழு விதி வகுத்தது. இளவயதினர், கர்ப்பிணிகள் எனப் பலரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அறிக்கை கேட்பது தண்டனையைக் குறைப்பதல்ல. முன்னால் நிற்பவர் யார் என்று நீதிபதி தெரிந்துகொள்வது. இருந்தும் விதி நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள் நிறுத்தப்பட்டது. அப்போதைய நீதி அமைச்சர் ஷபானா மஹ்மூத் தனிச் சட்டமே கொண்டுவந்து அதைத் தடுத்தார். வேறுபாட்டுக்கு விளக்கம் கேட்டது 2017. விளக்கம் தேடும் வழிகளில் ஒன்றை அடைத்தது 2025.

அந்தச் செப்டம்பரில் நீதி அமைச்சராக வந்தவர் அதே டேவிட் லாமி. கிரவுன் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகளைக் குறைக்க, மூன்றாண்டு அல்லது அதற்குக் குறைவான தண்டனை வரக்கூடிய பல வழக்குகளை ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரிக்கும் திட்டத்தை டிசம்பரில் அவர் அறிவித்தார். தேக்கம் உண்மையானது, பல ஆண்டுகள் காத்திருக்கும் பாதிக்கப்பட்டவர்களின் வேதனையும் உண்மையானது. ஆனால் பாகுபாடு இல்லாத ஓர் அறையைத் தானே கண்டுபிடித்துச் சொன்னவர், அந்த அறையின் கதவைச் சுருக்குவதற்கு முன் நாட்டுக்கு ஒரு கடன்பட்டிருக்கிறார். தனி நீதிபதி அளிக்கும் ஒவ்வொரு தீர்ப்பும் தண்டனையும், குற்றம் சாட்டப்பட்டவரின் இனம், மதம் வாரியாக மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும். வேறுபாடு தெரிந்த இடத்தில் விளக்கத்தை 2017-ல் அவர் எழுதிய விதிப்படியே கேட்க வேண்டும். விளக்கம் வராத நீதிமன்றத்தில் ஜூரி திரும்ப வர வேண்டும். இதைச் சட்டத்திலேயே எழுதிவைக்கும்வரை அந்தத் திட்டத்துக்கு வாக்களிக்க மாட்டோம் என்று அவருடைய சொந்தக் கட்சியின் உறுப்பினர்கள் சொல்ல வேண்டும்.